வெள்ளிக்கிழமை ஒட்டிய மரணம்

போன் அடித்தது.

வெள்ளிக்கிழமை காலை. விழுப்புரத்தில் வெயில் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. இனியவன் கட்டிலில் உட்கார்ந்து பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்கினான் என்பதுகூட அதிகம்... ஒரு சட்டையைக் கையில் எடுத்தவன், எதற்கு எடுத்தோம் என்பது மறந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"ஹலோ..."

"யாருப்பா பேசறது? நான் ஓமந்தூர் அப்பாதுரை. இனியவனோட தாய்மாமன்."

"சொல்லுங்க மாமா."

"எப்பப்பா எடுக்கறாங்க?"

"எத மாமா?"

"பாடியத்தான். இனியவன் பாடிய. இங்க வேனுக்குச் சொல்லிட்டோம். டைம் தெரிஞ்சா கெளம்பிடுவோம்."

இனியவன் சட்டையைக் கீழே வைத்தான்.

"மாமா... நான் இனியவன்தான் பேசறேன்."



பிறகு மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எங்கேருந்துப்பா பேசற?"

*

ரயில்வே மேம்பாலத்துக்குக் கீழே, தூணுக்குத் தூண் இனியவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கண்ணீர் அஞ்சலி.

இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் அவன் படம். கீழே பெயர். 'கண்ணீரில் மூழ்கும் நண்பர்கள்' என்று ஒரு வரி. நண்பர்களின் பெயர் இல்லை.

பசை இன்னும் காயவில்லை. இந்தப் பசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெறும் மைதா மாவைக் காய்ச்சி ஒட்டினால் பொழுது விடிவதற்குள் மாடு வந்து செத்தவரைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். அதனால் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். மாடு நாக்கை வைத்ததும் கசந்து விலகிவிடும். அப்படிக் கலந்து, ஓரங்களைத் துடைப்பத்தால் அழுத்தி, பொறுப்பாக ஒட்டப்பட்டிருந்தான் இனியவன்.

எல்லாம் சரிதான். தேதியில்தான் இடறியது.

மறைவு என்ற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை தேதி இருந்தது.

போன ஞாயிறு இல்லை.

வருகிற ஞாயிறு!

வேறு யாராக இருந்தாலும் கால் நடுங்கியிருக்கும். இனியவனுக்கு நடுங்கவில்லை. அவனுக்கு எதுவுமே ஆகவில்லை. போன வருடம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி, சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டரில் போன அவன் மனைவி தமிழ்மணியை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போனது. அன்றைக்கு அவனுக்குள் ஏதோ ஒன்று அணைந்தது. வயரிங் சாமான் கடையைத் திறக்கிறான், மூடுகிறான். சாப்பிடுகிறான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தெரியாது.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் போஸ்டரைப் பார்த்தார். இனியவனைப் பார்த்தார். மறுபடி போஸ்டரைப் பார்த்தார். டீயை அப்படியே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கவிதா, இனியவன் போனில் எடுத்துவந்த போஸ்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தேதியைப் பார்த்தாள். சிரிப்பு தானாக அடங்கியது.

"ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருப்பீங்க?"

"மலைல, மேடம்."

"எந்த மலை?"

கல்வராயன் மலை என்றான். பிறகு ஒப்பிப்பது போல எல்லாவற்றையும் சொன்னான். திட்டம் அவனுடையது இல்லை. அவன் சிநேகிதன் அன்புச்செல்வன் போட்டது. கோலியனூர் பக்கம் கார் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் சின்னச் சின்ன மலைக் கிராமங்கள். அதில் ஒன்றில் ஒரு குடும்பம் தங்கள் ஓட்டு வீட்டை வாரக்கடைசிக்கு வாடகைக்கு விடுகிறது. சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, நடந்து போகிற தூரத்தில் அருவி. எதையும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. வாசலில் பாயைப் போட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுதான் திட்டம். செல்போன் சிக்னல் கிடையாது. அன்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

"யார் யார் போறீங்க?"

"நானும் அன்புவும். நாளைக்குக் காலைல என் கார்ல."

"வர்றப்ப?"

"அவன் ஞாயித்துக்கிழமை விடியக்காலையே பஸ் புடிச்சு சேலம் போறான். தெரிஞ்சவங்க வீட்டு கிரகப்பிரவேசம். நான் மட்டும் கார எடுத்துக்கினு எறங்கணும்."

கவிதா பேனாவை மூடினாள்.

"ஆக, ஞாயித்துக்கிழமை நீங்க தனியா இருக்கற எடம் ஒண்ணே ஒண்ணுதான். மலை எறங்கற ரோடு."

"ஆமா மேடம்."

"கார கடைசியா சர்வீஸ் பண்ணது யாரு?"

"அன்புதான். நேத்து. மலைக்குப் போற வண்டியாச்சே, நானே எல்லாம் பாத்துடறேன்னான்."

கார் சாவியைக் கேட்டு வாங்கினாள். போலீஸ் வண்டிகளைப் பழுது பார்க்கும் கூடத்துக்குக் காரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்போது இனியவனின் போன் அடித்தது. அன்புச்செல்வன்.

ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினாள் கவிதா.

"மச்சான், இன்னாடா இது பேஜாரு? எவனோ வெளயாடிக்கினு கீறான். நீ கண்டுக்காத. வீட்டுக்கு சொந்தக்காரங்க வந்து ஒக்காந்துட்டா நகர முடியாது. நாளைக்கு வேணாம், இன்னிக்கே ஜல்தியா கெளம்பிடலாம்."

"சரிடா," என்றான் இனியவன். யார் எதைச் சொன்னாலும் ஒரு வருடமாக அவன் சொல்கிற பதில் அதுதான்.

"ஏன் அவ்ளோ அவசரம் உங்க சிநேகிதருக்கு?" போன் அணைந்ததும் கேட்டாள் கவிதா.

இனியவன் யோசித்தான். யோசிக்க வேண்டிய தேவை வந்தே நாளாகிவிட்டது. தமிழ்மணி வழக்கில் துப்பு கிடைக்கவில்லை என்று முடித்துவிட்டார்கள் என்றான். அந்த இடத்தில் கிடந்த ஹெட்லைட் துண்டு ஒன்று விக்கிரவாண்டி ஸ்டேஷனில் இன்னும் இருக்கிறதாம், போன வாரம்தான் தெரிந்தது. அது எந்தக் காருடையது என்று பார்க்கச் சொல்லி திங்கட்கிழமை மனு கொடுப்பதாக இருந்தான்.

"இத யார்கிட்டல்லாம் சொன்னீங்க?"

"அன்புகிட்ட மட்டும். ரெண்டு நாள் மலைல ரிலாக்ஸ் பண்ணிட்டு வா, மனு எங்க ஓடிப்போவப் போவுதுன்னான்."

கவிதா எழுந்து தொப்பியை எடுத்தாள்.

*

போஸ்டரின் அடியில், எறும்பு எழுத்தில், அச்சகத்தின் பெயர் இருந்தது. திண்டிவனம்.

ஜீப் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது இனியவன் சர்வீஸ் ரோட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தான். கழுத்து தானாகவே மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

அச்சக முதலாளி பிரான்சிஸ், வந்தவர்களை உட்காரச் சொன்னார். இனியவன் முகத்தைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம்.

"சார் எந்த ஊரு?"

"நேத்து நீங்க அடிச்ச போஸ்டர்ல இருக்கறவர்," என்றாள் கவிதா.

பிரான்சிஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

அஞ்சலி போஸ்டர் எப்படித் தயாராகிறது என்பது சுவாரசியமான விஷயம். விளக்கு, பூ, எழுத்து எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே தயாராக இருக்கும். படம், பெயர், தேதி... இந்த மூன்றை மட்டும் மாற்றினால் போதும். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும். அடித்த கட்டைச் சணல் கயிற்றால் கட்டி, விழுப்புரம் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். அங்கே பஸ் ஸ்டாண்டில் ஒட்டுகிற ஆட்கள் வாங்கிக்கொள்வார்கள். ஒரு சாவு திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்கும். அதைக் கொண்டுபோகும் யாருக்கும் அது யார் என்று தெரியாது.

"தேதியப் பாக்க மாட்டீங்களா?"

"மேடம், சாவு போஸ்டருக்கு நாங்க கேள்வி கேக்கறதில்ல. ஒரு கேள்வி கேட்டா அழுதுடறாங்க. எழுத்துப் பிழை இருந்தா மட்டும் பாப்போம்."

"எப்ப ஒட்டணும்னு சொன்னாங்களா?"

"வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள ஊர் பூரா ஒட்டியிருக்கணும்னு மெசேஜ் வந்துச்சு. ஒட்டற ஆளுங்களுக்கும் அப்படியே சொல்லிட்டேன்."

பிரான்சிஸ் தன் போனை நீட்டினார். ஆர்டர் வந்த எண்ணைக் கவிதா இனியவனிடம் காட்டினாள்.

அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது.

"அன்பு," என்றான்.

அந்த நேரத்தில் கவிதாவின் போன் ஒலித்தது. பழுது பார்க்கும் கூடம். அவள் கேட்டாள். "எத்தினி சக்கரத்துல?" என்றாள். "நாலுலயுமா?" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டு இனியவனுக்கு விளக்கினாள்.

நாமும் அதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடலாம். பார்க்க வேண்டிய வேலைப்பாடுதான் அது.

நாம் பிரேக்கை மிதிக்கிறோம். அந்த மிதியின் அழுத்தத்தை நாலு சக்கரத்துக்கும் கொண்டுபோவது குழாய்க்குள் இருக்கும் பிரேக் ஆயில். திரவத்தை எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது. அதனால்தான் மிதித்த வேகத்தில் சக்கரம் நிற்கிறது. சரி, அந்த ஆயிலில் தண்ணீரைக் கலந்தால்? ஒன்றும் ஆகாது! தண்ணீரும் திரவம்தானே. விழுப்புரம் சாலையில், சிக்னலில், சுங்கச்சாவடியில்... பிரேக் பிரமாதமாகப் பிடிக்கும்.

ஆனால் மலையிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு வளைவு மிதிக்க வேண்டும். சக்கரத்தின் தட்டு அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி காயும். அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறும். நல்ல ஆயில் அந்தச் சூட்டைத் தாங்கும். தண்ணீர் தாங்காது. கொதிக்கும். ஆவியாகும். ஆவியை அமுக்கினால் சுருங்கிவிடும். மிதி தரையைத் தொடும்... சக்கரம் தன் பாட்டுக்கு ஓடும்!

இதில் உச்சம் எது தெரியுமா? பள்ளத்தில் விழுந்த வண்டி ஆறியதும், ஆவி மறுபடி தண்ணீராகிவிடும். சோதித்துப் பார்க்கிறவர் காலுக்குப் பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிடுவார்கள்.

மேலே இருக்கும் டப்பாவில் தண்ணீரை ஊற்றினால் மட்டும் இது நடக்காது. நாலு சக்கரத்திலும் ஆயில் வடியும் திருகைத் தளர்த்தி, பழைய ஆயிலை வடித்து, புதிய கலவையைச் சக்கரம் வரை இழுக்க வேண்டும். அது தெரிந்தவன் வேலை.

"கரண்டில ஊத்தி ஸ்டவ்ல காட்டினாங்களாம்," என்றாள் கவிதா. "ரசம் மாதிரி பொங்கிச்சாம்."

இனியவன் தலையாட்டினான். ரசம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது போலிருந்தது.

*

கோலியனூர் ஒர்க்ஷாப்பில் அன்புச்செல்வன் ஒரு காரின் அடியில் படுத்திருந்தான். போலீஸ் பூட்ஸைப் பார்த்ததும் வெளியே வர அவசரப்படவில்லை.

"என்ன மச்சான், இன்ஸ்பெக்டரோட வந்துகீற?"

கவிதா சுற்றி வளைக்கவில்லை. பிரேக் ஆயில் என்றாள். ஹெட்லைட் துண்டு என்றாள். போன வருடம் அவன் தன் சொந்தக் காருக்குத் தானே ஹெட்லைட் மாற்றியதைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்திருக்கிறார் என்றாள். அவள் எந்தக் கடைக்காரரிடமும் பேசியிருக்கவில்லை. சும்மா விட்டுப் பார்த்தாள்.

அன்புவின் முகத்தில் கிரீஸ் இல்லாத இடமெல்லாம் வெளுத்தது.

"வேணும்னு பண்ணல மச்சான்," என்றான் இனியவனைப் பார்த்து. "ஒரு செகண்டு போனப் பாத்தேன். நிமிந்தா ஸ்கூட்டரு. அது தமிழ்மணின்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியும். அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரில ஒன்கூடவே இருந்தேனே..."

"இருந்த," என்றான் இனியவன். "டீ வாங்கியாந்து குடுத்த."

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அன்புவைத் தலை குனிய வைத்தது.

"இதையெல்லாம் பக்காவா பண்ண ஆளு, போஸ்டர்ல கோட்டை விட்டியேப்பா," என்றாள் கவிதா. "முதல் ஆளா அழணும்னு முன்கூட்டியே அடிச்சு வச்சுட்டியா?"

அன்பு நிமிர்ந்தான்.

"போஸ்டரு நான் அடிக்கல மேடம்."

"உன் நம்பர்லருந்து போயிருக்கு."

"கொல பண்ணப் பாத்தேன், ஒத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை சாவப்போறவனுக்கு வெள்ளிக்கிழமை போஸ்டர் ஒட்ட நான் இன்னா லூசா?"

கவிதாவுக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. ஒரு கொலைகாரன் சொல்வதில் நியாயம் இருந்தால் அது ஒரு போலீஸ்காரருக்கு மிகவும் சங்கடமான விஷயம்.

*

இனியவன் வீட்டுக்குத் திரும்பும்போது, அது சாவு வீடாக முழுமையடைந்திருந்தது.

வாசலில் சாமியானா. வாடகை நாற்காலிகள். ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆட்டோக்காரன், பெட்டியைத் திருப்பி எடுத்துப் போவதா வேண்டாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றிருந்தான். உயிரோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்டும் யாரும் திரும்பிப் போகவில்லை. வந்தது வந்தோம், ஆளைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று இருந்துவிட்டார்கள். இனியவன் உள்ளே நுழைந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு பெண் ஒப்பாரியை ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சமையலறையில், வந்தவர்களுக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள் இளவரசி.

அன்புச்செல்வனின் மனைவி.

கவிதா அவளைப் பார்த்தாள். அவள் கரண்டியை வைக்கவில்லை.

"புடிச்சுட்டீங்களா?" என்றாள்.

"புடிச்சுட்டோம்."

இளவரசி அடுப்பைக் குறைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா வேறெதுவுமா என்பது தெரியவில்லை.

"போஸ்டரு நான்தான் அடிச்சேன்," என்றாள்.

இனியவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

புதன்கிழமை அன்பு வீட்டில் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து புது பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றியதை அவள் பார்த்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டிருக்கிறாள். குடிபோதையில் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வாயைத் திறந்தால் அடுத்தது நீதான் என்றும் சொன்னான். அவளிடம் போன் கிடையாது, பிடுங்கி வைத்திருந்தான். அவன் குளிக்கப் போன நேரத்தில் அவன் போனிலிருந்தே, அவன் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியையே போட்டு, ஆர்டரை அனுப்பினாள். அனுப்பியதை அழித்தாள். யார் அனுப்பினது என்று போலீஸ் தேடினால் நேராக அவனிடமே வந்து நிற்கட்டும் என்றுதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றான் இனியவன்.

"சொல்லியிருந்தா நீங்க இன்னா பண்ணியிருப்பீங்கண்ணா?"

அவளே சொன்னாள்.

"அவருக்குப் போன் பண்ணி, 'இளவரசி இப்படிச் சொல்றா, இன்னாடா'ன்னு கேட்டிருப்பீங்க. அவரு சிரிச்சிருப்பாரு. சரிடான்னு சொல்லிட்டு மலையேறியிருப்பீங்க. ஒரு வருஷமா நீங்க அப்படித்தான் கீறீங்க. எமனே வந்து கூப்ட்டாலும் சரிடாம்பீங்க."

உப்புமா லேசாக அடிபிடித்தது. அவள் கிளறினாள்.

"நான் ஒருத்தி சொன்னா நிக்க மாட்டீங்க. ஊரே வந்து எழவு கேட்டு ஒக்காந்துட்டா, வீட்ட உட்டு எப்படிக் கெளம்புவீங்க? அதான் சொந்தக்காரங்கள எல்லாம் கூப்ட்டேன். நம்ம ஊர்ல எல்லாரையும் ஒரே நேரத்துல கூப்டறதுக்கு வேற வழி இன்னா இருக்குதுண்ணா?"

கவிதா எழுதிக்கொள்வதற்காக எடுத்த பேனாவை மறுபடி பாக்கெட்டில் வைத்தாள்.

இனியவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவனுக்கு வயிற்றில் ஏதோ செய்தது. என்னவென்று முதலில் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது... பசி. ஒரு வருடத்தில் முதல் முறையாக.

இளவரசி ஒரு தட்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிட்டான். உப்பு கம்மி என்றான். அப்போதுதான் அவள் அழுதாள்.

*

சனிக்கிழமை காலை ஓமந்தூர் வேன் வந்து நின்றது.

அப்பாதுரை மாமா இறங்கி, இனியவனின் கையைத் தொட்டுப் பார்த்தார். காலைப் பார்த்தார், தரையில் பாவுகிறதா என்று. பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். வேன் இன்றைக்குத்தான் கிடைத்ததாம், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லையாம். வேன்காரர் இன்னொரு சவாரியை விட்டுவிட்டு வந்திருக்கிறாராம். ஏறிய சனமும் இறங்க மாட்டேன் என்கிறதாம். வெறுமனே திரும்பிப் போக யாருக்கும் மனசில்லை என்றார்.

இனியவன் வேனைப் பார்த்தான். உள்ளே பத்துப் பதினைந்து பேர், துக்கத்துக்கென்று எடுத்துக் கட்டிய வெளுத்த சேலைகளோடு, கூடை நிறைய அவித்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோடு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா... கல்வராயன் மலைல ஒரு வீடு சொல்லி வச்சிருக்குது," என்றான் மெல்ல. "சும்மா குந்திக்கினு இருக்கலாம். போலாமா?"

வேனுக்குள் அடுத்த நொடியே மல்லாட்டைக் கூடை இடம் மாறியது, பாட்டிகள் நெருக்கி உட்கார்ந்தார்கள், யாரோ பாட்டுப் போடச் சொன்னார்கள்.

இனியவன் படியில் காலை வைத்தான். கடைசி வரிசையில்தான் இடம் இருந்தது.

அப்பாதுரை மாமா முன் வரிசையைப் பார்த்து அதட்டினார்.

"ஏய், எழுந்திருங்கப்பா. அந்த ஜன்னல் சீட்ட அவனுக்கு உடுங்க... செத்தவன் ஆசைக்கு குறுக்க நிக்கக் கூடாது!"